குவான்சோவில் ஒரு வாய் தேநீர்



பயணச் சிறப்பிதழ் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. இதற்காக வந்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் சாப்பாட்டைப் பற்றியவை. படிக்கப் படிக்க எனக்கும் ஆசை வந்துவிட்டது. வழக்கமாக இதழைப் பற்றிப் பேசும் இந்தப் பக்கத்தில், சீனாவில் நான் சாப்பிட்டதையும் குடித்ததையும் பற்றி இந்த முறை கொஞ்சம் சொல்கிறேன்.

"இன்னைக்கு சைனீஸ் சாப்பிடலாமா?" என்று நம் கடலூர், திருப்பாதிரிப்புலியூர்ப் பிள்ளைகள் கேட்டால் அது எது என்று நமக்குத் தெரியும். ஓங்கி எரியும் அடுப்பு, தள்ளுவண்டி, ஃபிரைடு ரைஸ், சிவக்கச் சிவக்க கோபி மஞ்சூரியன். அதை நான் குறை சொல்ல மாட்டேன். கல்கத்தாவில் குடியேறிய சீனக் குடும்பங்களின் அடுப்பில், நம் பச்சை மிளகாயும் இஞ்சி பூண்டும் சேர்ந்து உருவான ருசி அது. சிக்கன் மஞ்சூரியனை 1975-இல் மும்பையில் முதலில் செய்தவர் என்று பெயர் பெற்ற நெல்சன் வாங், கல்கத்தாவில் பிறந்த சீனர். அது நம் நாட்டுச் சாப்பாடுதான், உரிமையோடு சாப்பிடலாம். ஆனால் சீனர்கள் தங்கள் வீட்டில் சாப்பிடுவது வேறு. அது கடலூர்க்காரரின் நாக்குக்கு இந்த மஞ்சூரியனைவிட நெருக்கமானது. நம்புவதற்குக் கடினம், நானும் அங்கே போய் உட்கார்ந்த பிறகுதான் நம்பினேன்.

நான் போன ஊர் குவான்சோ. தென்கிழக்குச் சீனாவில், ஃபூஜியான் மாநிலத்துத் துறைமுக நகரம். சாப்பாட்டுக்காகப் போகவில்லை, தமிழுக்காகப் போனேன். 1281-ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில், அங்கே சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் திருக்கதலீச்சுரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்ததைத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. நாட்டை ஆண்ட மங்கோலியக் கானின் உடல்நலத்துக்காகச் செய்த பிரதிஷ்டை அது. அங்குள்ள கையுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத் தூண்களில் கண்ணனும் நரசிம்மரும் இருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1077-இல், குலோத்துங்க சோழனின் தூதுக்குழுவில் 72 பேர் சீன அரசவைக்குப் போய் 81,800 சரம் செப்புக்காசு பெற்றுத் திரும்பியிருக்கிறார்கள். நம் கரையிலிருந்து கப்பலேறியவர்கள் குவான்சோவில் பருவக்காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் தங்கியிருப்பார்கள். என்ன சாப்பிட்டிருப்பார்கள் என்ற கேள்வி எனக்கு அந்தத் தூண்களுக்கு முன்னால்தான் வந்தது.

காலையில் அங்கே கஞ்சி. வெள்ளைக் கஞ்சிதான், தொட்டுக்கொள்ள உப்பில் ஊறிய காய்கள், வேர்க்கடலை, ஒரு துண்டு மீன். அந்த மேசையில் நம் வீட்டுப் பாட்டி ஒருவரை உட்கார வைத்தால் எதையும் விளக்க வேண்டியிருக்காது. நூல் போன்ற சேமியாவை நண்டு, இறால், சிப்பியோடு குழையக் குழையக் கொதிக்க வைத்த இன்னொரு காலை உணவும் உண்டு. மிளகாய் கிடையாது, வெள்ளை மிளகின் காரம் மட்டும். மீனை இஞ்சித் துண்டுகளோடு ஆவியில் வேகவைத்து, மேலே சுடச்சுட எண்ணெயும் துளி சோயா சாஸும் விட்டுக் கொண்டு வருகிறார்கள். முதல் வாயில் ஏதோ குறைகிறது என்று தோன்றும். அவசரப்பட்டு மிளகாய் சாஸ் கேட்டுவிடாதீர்கள். மூன்றாம் வாயில் மீனின் ருசி தனியாகத் தெரியும். காலையில் வலையிலிருந்து எடுத்த மீனை வாங்கிச் சமைக்கும் ஊர்க்காரர்கள் நாம், இந்த ருசியை மசாலாவுக்கு அடியில் ஒளித்துவைக்கிறோமோ என்று எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

அந்த ஊரின் பெருமை, ஆளி என்ற கடற்சிப்பியில் செய்யும் ஆம்லெட். சின்னச் சின்ன ஆளிகளைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாவில் கலந்து, முட்டை ஊற்றி, பூண்டுத் தாள் தூவிக் கல்லில் வார்க்கிறார்கள். ஓரம் மொறுமொறுப்பு, நடுவில் வழவழப்பு. அந்தக் கிழங்கு 1593-இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஃபூஜியானுக்குக் கடல்வழி வந்தது. பரங்கிப்பேட்டை வெள்ளாற்று முகத்துவாரத்திலும் ஆளி விளைகிறது, நாம்தான் சமைத்துப் பழகவில்லை. ஆளி எடுக்கும் ஷுன்பு என்ற மீனவக் குடியிருப்பில் வீட்டுச் சுவர்களே ஆளி ஓட்டால் ஆனவை. பெண்கள் கொண்டையைச் சுற்றி வட்ட வட்டமாகப் பூ வைத்துக்கொள்கிறார்கள். பூவோடு வேலைக்குப் போகும் பெண்களை நம் ஊரிலிருந்து அத்தனை தூரத்தில் பார்த்தபோது கண் கலங்கியது.

சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்களும் தயங்க வேண்டாம். பௌத்தக் கோயில்களை ஒட்டிய உணவகங்களில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத சமையல் கிடைக்கும். டோஃபுவும் காளானும் கீரையும் பிரமாதம்.

இனி தேநீர். குவான்சோவைச் சேர்ந்த ஆன்ஷி மலைப்பகுதிதான் தியே குவான் யின் என்ற புகழ்பெற்ற தேயிலையின் பிறப்பிடம். நடைபாதையில் நின்று எட்டிப் பார்த்தாலே கடைக்காரர்கள் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுகிறார்கள். எனக்கு ஊற்றித் தந்த அம்மாள், உருண்டை உருண்டையாகச் சுருண்டிருந்த இலையை மூடி போட்ட சின்னக் கிண்ணத்தில் போட்டு, கொதிநீர் விட்டு, அந்த முதல் நீரைக் குடிக்காமல் குவளைகள் மீதே ஊற்றினார். இலையும் கழுவப்படுகிறது, குவளையும் சூடாகிறது. அடுத்த நீரைச் சில நொடிகளில் வடித்துத் தந்தார். குவளை இரண்டு மடக்குக்கு மேல் கொள்ளாது. பாலும் இல்லை, சர்க்கரையும் இல்லை. நாக்கில் லேசான கசப்பு, பிறகு நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஊறுமே, அந்த இனிப்பு. அதே இலையில் திரும்பத் திரும்ப நீர் விட்டார். ஒவ்வொரு முறையும் வாசனை மாறியது, இலை மெல்ல விரிந்து முழு இலையாகக் கிடந்தது. பேச்சுக்குப் பொது மொழி ஒன்றும் இல்லை. குவளை நிறையும்போது மேசையில் இரண்டு விரலால் தட்டினால் நன்றி சொன்னதாக அர்த்தம் என்று அவரே தட்டிக் காட்டினார்.

நம் டீக்கடைத் தேநீருக்கும் சீனத் தொடர்பு உண்டு. நீலகிரியில் தேயிலை பயிராகத் தொடங்கிய காலத்தில், மலாய்ப் பகுதிச் சிறைகளிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகள் நடுவட்டத்தில் இருந்தார்கள். அவர்களிடம்தான் தேயிலை வேலை கற்றோம் என்பது மலைத் தோட்டங்களில் வழிவழியாகச் சொல்லப்படுவது. விடுதலையானவர்களில் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து, அங்கேயே காய்கறியும் காபியும் பயிரிட்டு, மாடு வளர்த்து வாழ்ந்ததை இனவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார். அந்த வீடுகளில் என்ன சமைத்திருப்பார்கள்! யாராவது ஆராய்ந்து எழுதினால் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் தரக் காத்திருக்கிறோம்.

வாசகர்களே, உங்களில் பலருக்குச் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் உறவினர் உண்டு. ஃபூஜியானிலிருந்து கப்பலேறிய ஹொக்கியன் மக்கள் இந்த ஆளி ஆம்லெட்டையும் போப்பியா என்ற மெல்லிய மாவுச் சுருளையும் அங்கே கொண்டு சேர்த்திருக்கிறார்கள். சீனாவில் மருத்துவம் படித்துத் திரும்பிய பிள்ளைகளும் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அங்கே முதலில் பிடிக்காமல் பிறகு பிடித்துப்போன ஒரு பதார்த்தத்தைப் பற்றி, செய்முறையோடு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் நான்கு பக்கம் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்