கைதிக்குக் கல் இருக்கிறது, கூலிக்கு?

தாம்பரத்தில் வாழும் எங்கள் குடும்பத்தின் பூர்வீகம் இலங்கையின் அப்புத்தளைத் தேயிலைத் தோட்டம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா வந்தவர்கள் நாங்கள். அப்புத்தளைக்குப் பக்கத்தில்தான் தியத்தலாவை. தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட, டச்சு வழிவந்த போயர் வீரர்களை 1900 ஆகஸ்டிலிருந்து பிரிட்டிஷார் அங்கே அடைத்தார்கள். இலங்கைக்கு வந்தவர்கள் சுமார் 5,000 பேர்.

முள்வேலிக்குள் தகரக் கொட்டகைகள். படிப்பு, பாட்டு, விளையாட்டு என்று பொழுதை ஓட்டினார்கள், மரத்தில் சாமான்கள் செதுக்கி விற்றார்கள், பத்திரிகைகூட நடத்தினார்கள். குடற்காய்ச்சலில் இறந்தவர்களுக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. 1902இல் சமாதானம் ஆனதும், பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள் ஊர் திரும்பினார்கள். மறுத்தவர்களில் ஒருவரான எங்கல்பிரெக்ட் இலங்கையிலேயே தங்கி, யால காட்டின் முதல் காவலரானார்.

அதே மலையில் தோட்டக் கூலிகளான எங்கள் பாட்டன்மார் லயம் என்ற வரிசை வீட்டின் ஒற்றை அறையில் குடும்பத்தோடு முடங்கி, விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றார்கள். ஆள் பிடித்து வேலை வாங்கிய கங்காணியிடம் பட்ட கடனும், அதை எழுதிய ‘துண்டு’ச் சீட்டுமே அவர்களுக்கு முள்வேலி. தேயிலைத் தூரில் புதைந்த அவர்களுக்குக் கல் ஏது?

கைதிக்குக் கிடைத்த மரியாதையில் எனக்குப் பொறாமை இல்லை. எஞ்சியிருக்கும் தோட்டப் பேரேடுகளையும் இலங்கைக்குப் போன தொழிலாளர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமின் பதிவுகளையும் தமிழக அரசு இலங்கையோடு பேசித் திரட்டி, இணையத்தில் ஏற்றட்டும். பாட்டன் பெயரைத் தேடிப் பார்க்கப் பேரப்பிள்ளைகளுக்கு உரிமை உண்டு.