உருளி நிற்குமா என்று கேளுங்கள்

தமிழில் நினைவலைகள் எழுதுகிறவர்களுக்கு விறகடுப்பின் மேல் இரக்கமற்ற ஒரு காதல் இருக்கிறது. இரக்கமற்ற என்ற சொல்லை யோசித்தே போடுகிறேன். ஊரைவிட்டுப் போய் முப்பது வருடம் ஆன ஒருவர் எழுத உட்கார்ந்தால், மூன்றாவது பத்தியில் பாட்டியின் அடுப்பு புகைய ஆரம்பித்துவிடும். வெண்கலப் பானையில் தளதளக்கும் சோறு, கொடியடுப்பில் சுண்டிக்கொண்டிருக்கும் வற்றல்குழம்பு, தணலில் சுட்ட அப்பளம். பாட்டி அந்தப் பத்தி முழுக்கச் சிரித்துக்கொண்டேதான் இருப்பாள். ஒரு முறையாவது இருமியதாக எவரும் எழுதிக் காணோம்.

இதே மனிதர் தாராசுரத்திலோ கும்பகோணத்திலோ தம் பெற்றோருக்கு வீடு கட்டும்போது என்ன செய்கிறார் என்பதையும் பார்த்துவிட வேண்டும். கருங்கல் மேடையை நீள்சதுரமாக அறுத்து, அதற்குள் கறுப்புக் கண்ணாடி பதித்த ‘ஹாப்’ ஒன்றை இறக்குகிறார். நான்கு கண்; கண்ணுக்கு மூன்று வளையம்; மேலே புகைபோக்கி. எழுத்தில் விறகு, வீட்டில் கண்ணாடி. இரண்டும் எதிரெதிர் என்று நினைத்துவிடாதீர்கள். அடுப்பின் முன் ஒருநாளும் நின்றிராத ஒருவர், நிற்கப்போகிறவரைக் கேளாமல் எடுக்கிற முடிவுகள் இவை. என் சண்டை அதனோடுதான்.

முதலில் விறகு. காவிரிப் படுகையில் காடு கிடையாது. நெல்லுக்காக வெட்டித் திருத்தப்பட்ட சமவெளி இது. சவுக்கும் கருவேலும் விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு. மற்றவர்களுக்குத் தென்னைமட்டை, பாளை, பன்னாடை, சுள்ளி, வறட்டி, உமி. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இவற்றில் எது உலர்ந்திருக்கும்? ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த கதை ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. தாராசுரம் கோயிலுக்கு வருகிறவர்கள் கல் தேரையும் குதிரையையும் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். இரண்டாம் இராசராசன் கட்டுவித்த அந்த ஐராவதேசுவரர் கோயிலில், கருவறைப் புறச்சுவரின் அடியில், சாண் அளவுக்குச் சிறிய சிற்பங்களாக நாயன்மார் வரலாறு ஓடுகிறது. அவர்களுள் ஒருவர் இளையான்குடி மாறர். மழை கொட்டும் நள்ளிரவில் விருந்தினர் வந்துவிட, விதைத்த முளைநெல்லை வயலிலிருந்து வாரிக்கொண்டு வருகிறார். மனைவி கேட்கிறாள்: சமைக்க விறகு? கூரை வரிச்சுகளை அறுத்துத் தருகிறார் மாறர். நாம் அவருடைய பக்தியைப் பேசுகிறோம், சரி. நெல்லையும் கீரையையும் விறகையும் கணக்குப் பார்த்து, ஒன்றில்லாவிட்டால் ஒன்று என்று சமைத்து முடித்தவள் அந்த அம்மாள். பெரிய புராணத்தில்கூட அவளுக்குப் பெயர் இல்லை.

புகையைப் பற்றிச் சந்தேகத்துக்கே இடமில்லை. தமிழகக் கிராம வீடுகளில் சமைப்பவர் எவ்வளவு நுண்துகளை மூச்சில் இழுக்கிறார் என்பதைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் வீடு வீடாக அளந்து 2002இல் வெளியிட்டார்கள். மிகுதியான புகை, எதிர்பார்த்தபடியே, விறகும் வறட்டியும் எரிக்கும் அடுப்பின் முன் இருப்பவருக்குத்தான். வீட்டுப் புகையால் உலகெங்கும் 2020இல் 32 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இங்கே எதிர்த்தரப்பு ஒரு சீட்டை இறக்கக்கூடும். அதை நானே இறக்கிவிடுகிறேன். நான்கு நாடுகளில், நம் நாகப்பட்டினத்தையும் சேர்த்து, கர்ப்பிணிகளுக்கு எரிவாயு அடுப்பு கொடுத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2022இல் வந்தது. குழந்தையின் பிறப்பு எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. உண்மை. ஆனால் தாய் சுவாசித்த நுண்துகள், கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் அளவிலிருந்து 24க்கு இறங்கியது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. எடை கூடாததால் தாய் புகையையே குடிக்கட்டும் என்று ஒருவர் வாதிட்டால் அவரோடு மேலே பேச எனக்கு ஒன்றுமில்லை.

ருசி? மூடிய பானைக்குள் எவ்வளவு புகை நுழைந்துவிடும் ஐயா? தணலில் நேரே சுட்ட கத்தரிக்காய்க்கும் அப்பளத்துக்கும் அந்த வாசனை உண்டு, மறுக்கவில்லை. குழம்புக்கு நாம் சொல்லும் ருசி பெரும்பாலும் பாத்திரத்தின் கனத்திலும் தணிந்த தீயிலும் இருந்து வருவது. கல்சட்டியைச் சிறு கண்ணில் வைத்துத் தீயைக் குறைத்துவிட்டு, முக்கால் மணி பொறுத்திருந்தால் எரிவாயுவிலும் அது கிடைக்கும். பொறுப்பவர் யார் என்பதுதான் அப்போதும் கேள்வி.

எரிவாயு விலை கட்டாமல் இன்றும் கொல்லைப்புறத்தில் விறகு மூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 2006 தேர்தலுக்குப் பின் மாநில அரசு கொடுத்த இலவச எரிவாயு அடுப்பும், 2016இல் மத்திய அரசு தொடங்கிய உஜ்வலா இணைப்பும் வீட்டுக்குள் வந்தன. அடுத்த உருளை வாங்கும் பணம் கூடவே வரவில்லை. அவர்களோடு எனக்கு வழக்கில்லை. தேர்ந்தெடுக்க வசதி இருந்தும் தவறாகத் தேர்கிறவர்களோடுதான்.

விறகுக்கும் எரிவாயுவுக்கும் நடுவில் ஒரு மண்ணெண்ணெய்க் காலம் இருந்தது. அதை ஏனோ யாரும் நினைவலையில் எழுதுவதில்லை. ‘ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு’ என்ற செய்தி நாளிதழின் உள்பக்கத்தில் வாரம் தவறாமல் வந்த காலம் அது. மாமியார் நாத்தனார் மேல் மட்டும் ஒருநாளும் வெடிக்காத அந்த அதிசய ஸ்டவ்வை நாடே பார்த்துக்கொண்டிருந்தது. 1986இல் வரதட்சிணைச் சாவு தனிக் குற்றமாக இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்தது. அடுப்பு என்பது வெறும் சாமான் விவகாரம் என்று எண்ணுபவர்கள் அந்தப் பழைய தாள்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

இனி ஹாப். கடையில் அது மிக அழகாக இருக்கும். என் பெரியம்மாவுக்கு அதை விற்க முயன்ற இளைஞன் பத்து நிமிடம் பேசினான். ஜெர்மன் மாடல், ஆட்டோ இக்னிஷன், துடைத்தால் போதும், கண்ணாடி மாதிரி. எழுபத்தொரு வயதுப் பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “ஏன் தம்பி, இதுல உருளி நிக்குமா?” என்றார். “உருளின்னா என்னம்மா?” என்றான் அவன். பேரம் அங்கேயே முடிந்தது.

அந்தக் கேள்வி சாதாரணமானதல்ல. அடிப்பாகம் வளைந்த வெண்கல உருளி, சோறு வடிக்கும் பானை, தீபாவளிக்கு முறுக்கு பிழியும் இரும்பு வாணலி, ரசத்துக்கு ஈயச்செம்பு ஆகியவைதான் ஒரு தஞ்சை வீட்டின் பாத்திரங்கள். பாத்திரக் கடைத்தெருவுக்கே பேர்போன கும்பகோணம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2021இல் தாராசுரமும் அந்த மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஹாப்பின் கண்கள் நெருங்கி அமைந்திருப்பவை. பெரிய உருளி ஒன்றை ஏற்றினால் பக்கத்துக் கண் மூடிப்போகும். நான்கு கண்ணுக்கு விலை கொடுத்து இரண்டில் சமைக்கலாம். அரிசி பொங்கி வழியும்போது கஞ்சி நேரே கண்ணின் குழிக்குள் இறங்கிக் காய்ந்து துளைகளை அடைக்கும். குக்கரில் வைப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை இல்லை. வடித்துச் சாப்பிடுகிற வீட்டில் அன்றாட வேலை.

அதைவிடப் பெரியது கல்லை அறுப்பது. ஒரு கம்பெனியின் அளவுக்கு மேடையை அறுத்துவிட்டால் அடுத்த அடுப்பும் அதே அளவில்தான் வாங்கியாக வேண்டும், அல்லது கல்லையே மாற்ற வேண்டும். மேடைமேல் வைக்கும் சாதாரண அடுப்புக்குக் கோளாறு வந்தால் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போகலாம். ஹாப்பைப் பார்க்க ஆள் வர வேண்டும். ஆள் திருச்சியிலிருந்து வருவார். அவர் கழற்றிப் பார்த்துவிட்டுச் சொல்லும் உதிரி சென்னையிலிருந்து வரும். இன்னொன்று: சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமானது, கசிந்தால் தாழ்ந்து தரையில் தேங்கும். ஹாப் வைத்த வீடுகளில் குழாய் இணைப்பு மேடைக்கடியில், அலமாரிக் கதவுக்குப் பின்னே மறைந்திருக்கிறது. பலர் உருளையையும் அதற்குள்ளேயே பூட்டிவைக்கிறார்கள், பார்வைக்கு அழகாக இல்லையாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ரப்பர் குழாயைக் கண்ணில் படாத இடத்தில் வைத்தால் யார் நினைவு வைத்து மாற்றுவார்கள்?

ஹாப்பின் பக்கத்திலும் இரண்டு நியாயங்கள் இருக்கின்றன. அது மேடைமட்டத்திலேயே இருப்பதால் தோளை உயர்த்திக் கிளற வேண்டியதில்லை. குள்ளமான பெண்களுக்கு இது சிறிய விஷயம் இல்லை. சாதாரண அடுப்பு மேடைக்கு மேல் நாலைந்து அங்குலம் ஏறி நிற்கிறது. ஆனால் அதற்கு வழி அடுப்பு வரும் இடத்தில் மேடையையே நாலைந்து அங்குலம் இறக்கிக் கட்டுவது. கொத்தனாரிடம் முன்னாலேயே சொன்னால் செலவே இல்லை. இரண்டாவது, பல ஹாப்களில் தீ அணைந்தால் எரிவாயுவைத் தானே நிறுத்தும் அமைப்பு இருக்கிறது. பால் பொங்கி அணைந்ததை அறியாமல் அடுத்த அறையில் பூத்தொடுத்துக்கொண்டிருக்கும் வயதானவர்களுக்கு இது உயிர்காப்பு. சாதாரண அடுப்பிலும் இதைக் கேட்டு வாங்க முடிந்தால் வாங்குங்கள்.

மின்காந்த அடுப்பு, அதாவது இண்டக்ஷன், பற்றி இப்போது ஒரு கூட்டம் மதம் பரப்புகிறது. சூடாவது பாத்திரத்தின் அடிப்பாகமே என்பதால் வெப்பம் வீணாவது குறைவு. எரிவாயு அடுப்புக்கு இந்தியத் தர நிர்ணயம் கேட்கும் வெப்பத்திறன் குறைந்தது 68 விழுக்காடு. இண்டக்ஷன் 85ஐ ஒட்டி நிற்கும். பழைய விறகடுப்போ 10, 15ஐத் தாண்டாது. தீ இல்லை, புகை இல்லை, சித்திரை மாதத்தில் சமையலறை உலைக்களம் ஆவதில்லை. நம் எரிவாயுவில் பாதிக்குமேல் கப்பலில் வருகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால் வாதம் பலமாகத்தான் இருக்கிறது.

ஆனால் காந்தம் ஒட்டாத பாத்திரத்தை அது ஏற்காது. வெண்கலம் ஒட்டாது, பித்தளை ஒட்டாது, செம்பு, அலுமினியம், ஈயம், மண், மாக்கல் எதுவும் ஒட்டாது. ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு உங்கள் பரணைச் சுற்றி வாருங்கள். வாணலியும் தோசைக்கல்லும் சில எவர்சில்வர் பாத்திரங்களும் தேறும். வாணலியும் அடி வளைந்ததென்றால் தட்டையான பலகையில் நிற்காது. தவிர 2000 வாட் பலகை ஒன்பது ஆம்பியர் இழுக்கும்; பழைய ஓட்டுவீட்டின் சிறு பிளக்கில் அதைச் செருகக்கூடாது. 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரத்தை மட்டும் நம்பிய சமையலறை அந்த நாட்களில் எதைப் பொங்கியிருக்கும்? பால் காய்ச்ச, வெந்நீர் வைக்க, குக்கர் ஏற்ற, உருளை தீர்ந்த அன்று கைகொடுக்க, ஓரமாக ஒரு இண்டக்ஷன் பலகை இருக்கட்டும். அது துணை, குடும்பத்தலைவி ஆகாது.

ஆக என் கட்சி இது. மேடைமேல் வைக்கும் அடுப்பு. இரண்டு கண், அல்லது நல்ல இடைவெளியுள்ள மூன்று. எவர்சில்வர் உடல்; கண்ணாடி மேல் ஆசை விடாதென்றால் கனமான கண்ணாடி, அதன்மேல் பானையை நங்கென்று இறக்காத கை. கண்கள் பித்தளையில், கழற்றிக் கழுவும்படியாக. பாத்திரம் தாங்கும் கால்கள் அகலமாக. ஒரு கண் பெரிது, ஒன்று சிறிது. சிறியதைத் தணித்தால் அணையாமல் மெல்ல எரிய வேண்டும். ஈயச்செம்பு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஈயம் என்று நாம் சொல்லும் வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகிவிடும். நீர் வற்றவிட்டால் செம்பும் போயிற்று, ரசமும் போயிற்று.

கடைசியாகச் சன்னல். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ 1988இல் புத்தகமாக வந்தது. அந்தத் தலைப்பு இன்னும் நம் வீட்டு வரைபடங்களில் அப்படியே கிடக்கிறது. தாராசுரத்துப் பட்டுத்தறி வீடுகளில் வெளிச்சமான முன்பகுதி தறிக்குப் போய்விடும், அது பிழைப்பு, புரிந்துகொள்ளலாம். தறியே இல்லாத புது வீட்டில் கூடத்துக்கு ஆறு சன்னலும் சமையலறைக்கு ஒரு துவாரமும் ஏன்? எரிவாயுவும் எரியும்போது நைட்ரஜன் டை ஆக்சைடைக் கக்கும். தாளிப்புப் புகை வேறு. அக்னிமூலையை அங்குல சுத்தமாக அளந்து கொடுக்கிற வாஸ்துக்காரர் காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்பதில்லை. அடுப்புக்கு நேரே அல்லாமல் பக்கவாட்டில், தீயை அணைக்காதபடி, திறந்து மூடும் ஒரு பெரிய சன்னல் வையுங்கள். அதற்குப் பிறகு கடைக்குப் போங்கள். சமைக்கப்போகிறவரையும் வீட்டின் ஆகப் பெரிய உருளியையும் கையோடு கூட்டிப்போங்கள். விற்பனை இளைஞன் சிரிப்பான். சிரிக்கட்டும், உருளியை ஏற்றி வைத்துப் பார்த்த பிறகு விலை பேசிக்கொள்ளலாம்.