நோய்க்காலச் செய்தி வெளியீடு குறித்த மகஜர்

கௌரவ சுகாதார, வெகுசன ஊடக அமைச்சர் அவர்களின் சமுகத்துக்கு, கிழக்கு மாகாணத்து முஸ்லிம் நலன்புரிச் சங்கமொன்றின் அங்கத்தவர்கள் பணிவுடன் சமர்ப்பிப்பது:

சுகாதாரமும் ஊடகமும் இன்று தங்கள் ஒருவர் பொறுப்பிலேயே அமைந்திருத்தலால், அவ்விரண்டும் சேர்ந்து தவறிய காலத்தில் எங்கள் சமூகம் அனுபவித்ததைத் தங்களிடமே முறையிடுவது தகுமென்று கருதினோம்.

கொரோனாவால் இறந்தோரைத் தகனமோ நல்லடக்கமோ செய்யலாமென உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே தெரிவித்திருந்தும், நிலத்தடி நீர் மாசுபடும் என்ற ஆதாரமற்ற அச்சம் நிபுணர் வாக்காகவே பிரசாரம் பெற்று, ஏப்ரல் 11ஆம் திகதிய வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கிற்று. தொலைக்காட்சிச் செய்திகள் சிலவற்றிலோ நோயாளியின் பெயருக்கு முன் அவர் மதம் பேசப்பட்டது. அதன் பலனாக, காய்ச்சல் கண்டவர் அதை அயலாரிடமும் மறைத்தனர். வைத்தியசாலையில் உயிர் பிரிந்தால் ஜனாசா திரும்பி வராதென்று அஞ்சி, மூச்சுத் திணறும் தாயை வீட்டிலேயே வைத்துப் பார்த்த பிள்ளைகளை நாங்கள் அறிவோம். ஒரு சமூகத்தைக் குற்றவாளியாகச் சித்திரிக்கும் செய்தி, அச்சமூகத்தை மட்டுமன்றி, தொற்றைத் தேடி வீடு வீடாகச் செல்லும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் தோற்கடிக்கிறது.

அவ்வாண்டு டிசம்பரில், பிறந்து 20 நாளேயான முஸ்லிம் சிசுவொன்று தகனம் செய்யப்பட்டபின், பொரளை மயானத்து வாயிற்கம்பிகளில் பல இனத்தவரும் வெண்துணிக் கீற்றுகளைக் கட்டிச் சென்றதை நன்றியுடன் நினைவுகூருகிறோம். 2021 பெப்ரவரி 25ஆம் திகதிய வர்த்தமானியால் தடை நீங்கி, ஓட்டமாவடியில் நல்லடக்கம் தொடங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரவும் தீர்மானித்தது. அது கண்ணியமான செயலே. எனினும், செய்தி வெளியிடும் முறை மாறாதவரையில் அடுத்த தொற்றில் வேறொரு சிறுபான்மை அதே இடத்தில் நிறுத்தப்படும் என்ற விசாரம் எங்களை விட்டகலவில்லை.

ஆகவே, நோயாளியின் இனமும் மதமும் இல்லமும் அரச அறிவித்தலிலோ ஒளிபரப்பிலோ வெளிப்படலாகாதென எழுத்து மூலமான விதி வகுக்கப்படவேண்டும். அதை மீறும் நிலையம், மீறிய அதே செய்தி நேரத்தில், அதே முக்கியத்துவத்துடன் திருத்தம் வெளியிடக் கடமைப்படவேண்டும். தமிழ் 1987 முதல் அரச கரும மொழியாயிருந்தும், சுகாதாரச் சுற்றறிக்கை சிங்களத்தில் வெளியாகிச் சில நாட்கள் சென்ற பின்னரே, அதுவும் பிழை மலிந்த தமிழில், எங்கள் கைக்கு எட்டுவதுண்டு. இரு மொழியிலும் ஒரே வேளையில் அது வெளிவரவேண்டுமென்பது மலையகத் தோட்டங்களில் வாழ்வோருக்காகவும் நாங்கள் விடுக்கும் வேண்டுகோள்.

அனைத்திலும் பிரதானமாக, நிபுணர் குழுக்களின் சிபாரிசுகள் அவற்றின் காரணங்களோடு மும்மொழியிலும் பிரசுரிக்கப்படவேண்டும். காரணம் வெளிப்படையாயிருந்திருந்தால், நிலத்தடி நீர் பற்றிய வாதத்தை எந்த விஞ்ஞானியும் அன்றே பரிசீலித்திருக்கக்கூடும். அறிவித்தல்களைத் தயாரிக்கும் குழுவில் சிறுபான்மைச் சமூகங்களின் வைத்தியர்கள் இருந்திருந்தால், பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் கோயில் மணியும் அரசின் சுகாதாரத் தூதுவர்களாகியிருக்கும்.

இவை குறித்து நேரில் விளக்கமளிக்க ஒரு தினத்தைக் குறித்தருளுமாறு வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
சங்கத்தின் தலைவர், செயலாளர், அங்கத்தவர்கள்