கைநாட்டை மட்டும் நம்பும் பொட்டிகள்

மென்பொருள் உலகத்தில் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அப்டேட் நாள். அமெரிக்க மேற்குக் கரையில் அன்று காலை பத்து மணிக்குக் கடை திறப்பார்கள். இந்தியாவில் அப்போது ராத்திரி பத்தரை, குளிர்காலக் கணக்கில் பதினொன்றரை. அந்தமானில் புதன்கிழமை ஐந்தரைக்கெல்லாம் பளிச்சென்று விடிந்துவிடும். பெரியவர்கள் காப்பி குடித்துவிட்டு லேப்டாப்பைத் திறப்பார்கள். அதே நேரம் மினசோட்டாவில் செவ்வாய் சாயங்காலம் ஏழு மணி, நான் சாப்பிட உட்கார்ந்திருப்பேன். "ஏய்யா, பொட்டி என் விரலை எடுக்க மாட்டேங்குதுய்யா" என்று அம்மாவின் குரல் வரும்.

எல்லா மாதமும் வராது. ஆனால் வந்தால் அந்த நாளை ஒட்டித்தான் வரும். அம்மாவிடமிருந்து மட்டுமல்ல, பத்துபஸ்தியில் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய நாலைந்து வீடுகளுக்கும் நான்தான் ஆஸ்தான மெக்கானிக். பகலெல்லாம் ஆபீஸில் ஆணி பிடுங்கிவிட்டு ராத்திரியும் அதையே பிடுங்குவது விதி. இத்தனை அழைப்புகளுக்குப் பிறகு எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டாகியிருக்கிறது. அப்டேட்டுக்குப் பிறகு கைரேகை வேலை செய்யாமல் போவது சின்ன விஷயம், அரை மணி நேரத்தில் சரிசெய்யலாம். அந்த அரை மணி வரைக்கும் உள்ளே போக வேறு வழி தெரியாமல் மனுஷர்கள் நிற்பதுதான் பெரிய விஷயம். அந்த நிலைக்கு அவர்களைக் கொண்டுவந்தது கணினிகளின் அமைப்பு.

விண்டோஸ் கணினியில் கைரேகை என்பது வீட்டுக்கு வரும் விருந்தாளி. வீட்டுக்காரர் பின் நம்பர்தான். அதனால்தான் பின் வைக்காமல் ரேகை பதிய விடமாட்டார்கள். ரேகை பொருந்தினால் கதவைத் திறக்கிற சாவி கணினிக்குள்ளேயே ஒரு பாதுகாப்புச் சில்லில் இருக்கிறது. ரேகையை வாசிக்கும் சென்சார் ஒரு கம்பெனியுடையது, அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் அந்தக் கம்பெனி எழுதியது, லேப்டாப் இன்னொரு கம்பெனி, விண்டோஸ் வேறொரு கம்பெனி. அப்டேட் என்பது இந்தக் கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேச்சுவழக்கை மாற்றிக்கொள்வது. மற்றவர்கள் திகைத்து நின்றுவிடுகிறார்கள். உங்கள் ரேகை எங்கும் தொலைந்துபோகவில்லை, பெரும்பாலும் பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்கும். கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் இடையில் பேச்சுவார்த்தைதான் நின்றுபோயிருக்கும்.

பத்துபஸ்தியில் இதெல்லாம் முன்பு பிரச்சினையே இல்லை. செயற்கைக்கோள் இணைப்பில் ஒரு அப்டேட் இறங்கி முடிவதற்குள் அடுத்த கப்பல் வந்துவிடும். 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் கேபிள் போர்ட் பிளேருக்கு வந்தது (2024 செப்டம்பரிலிருந்து ஊர்ப் பெயர் ஸ்ரீ விஜயபுரம், வாய்தான் இன்னும் பழைய பெயரைச் சொல்கிறது). அதற்குப் பிறகு நல்லதும் கெட்டதும் சென்னைக்கு வருகிற அதே ராத்திரி எங்கள் தெருவுக்கும் வந்துவிடுகின்றன.

இந்த இடத்தில் கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன். கல்யாணமாகி ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தபோது அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ரேஷன் கடையில் மை தடவிப் பெருவிரலை வைப்பார். யாரோ "கைநாட்டு" என்று சிரித்தது பொறுக்காமல் என் ஒன்றாம் வகுப்புச் சிலேட்டிலேயே எழுதிப் பழகினார். இப்போது அறுபது தாண்டியபின் கணினி "விரலை வை" என்றதும் அவருக்கு வந்த சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. "சுத்திச் சுத்திப் பழைய இடத்துக்கே வந்துட்டமேய்யா" என்றார்.

அந்தக் கேலியில் விஷயம் இருக்கிறது. ரேகையை முறைப்படி வகைப்படுத்தும் வேலை நம் பக்கத்தில்தான் நடந்தது. 1897-ல் கல்கத்தாவில் கைரேகை அலுவலகம் வந்தது. அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவரும் கணக்குப் போட்டு உழைத்தார்கள், பெயரை எட்வர்ட் ஹென்றி தட்டிக்கொண்டு போனார். அந்த வருஷங்களில்தான் எங்கள் ஊரில் செல்லுலார் சிறை எழும்பிக்கொண்டிருந்தது. ரேகை எடுத்தது போலீஸ் "இவன் யார்" என்று கண்டுபிடிக்க. அது அடையாளம். சாவி என்பது நான் ரகசியமாக வைத்திருப்பது, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்வது. தொட்ட டம்ளரிலெல்லாம் விட்டுவிட்டு வருகிற ஒன்றை, ஆயுசுக்கும் மாற்ற முடியாத ஒன்றை, ஒரே சாவியாக நினைப்பது சரியில்லை.

சரி, நினைத்தால் என்ன ஆகும்? எங்கள் தெருவில் ஒரு மாமா. பெயர் வேண்டாம், லேப்டாப் எந்தக் கம்பெனி என்பதும் வேண்டாம். அவருக்கு நெஞ்சுவலி வந்து சென்னைக்கு அனுப்பினார்கள். தீவில் கொஞ்சம் பெரிய வியாதி என்றால் விமானமேறித்தான் ஆகவேண்டும், இது எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. பழைய ஸ்கேன், ஆஞ்சியோ ரிப்போர்ட், இன்ஷூரன்ஸ் காகிதம் எல்லாவற்றையும் பொறுப்பாக ஸ்கேன் செய்து லேப்டாப்பில் வைத்திருந்தார். அத்தை அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போயிருந்தார். அது இரண்டு நாள் முன்பு அப்டேட் ஆகியிருந்தது. ரேகை வாங்கவில்லை, பின் கேட்டது. மாமா ஐசியூவில். இரண்டு வருஷமாக விரலை வைத்தே திறந்த பொட்டி, பின் என்ன என்பது அவருக்கே ஞாபகம் இல்லை. பெர்த்தில் இருக்கும் மகள், மினசோட்டாவில் நான், ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தை, மூன்று நேரமண்டலத்தில் ஒரே வாட்ஸப் அழைப்பு. தூரத்திலிருந்து கணினியை இயக்கித் தரும் வசதிகள் உள்ளே நுழைந்த பிறகுதான் உதவும், பூட்டிய கதவுக்கு வெளியே அவை வெறும் பேச்சு. கடைசியில் மகள் இணையக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றினாள், மாமாவின் ஃபோனுக்கு வந்த எண்ணை அத்தை வாசித்துச் சொன்னார், பூட்டுத்திரையிலேயே வைஃபை இணைத்து அந்தப் புதுக் கடவுச்சொல்லால் திறந்தோம். ஒன்றரை நாள் போய்விட்டது. மாமா இப்போது நன்றாக இருக்கிறார். அந்த ஒன்றரை நாளில் டாக்டர் பழைய ரிப்போர்ட்டை இரண்டு தடவை கேட்டார்.

மாமா மறந்தது அவர் தப்பு என்று சொல்லமாட்டேன். கேட்கப்படாத எண் மறந்துதான் போகும். ஆப்பிள் மேக்கில் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் விரலை ஒதுக்கிவிட்டுக் கடவுச்சொல் கேட்கும், 48 மணி நேரம் திறக்காமல் இருந்தாலும் கேட்கும். ஆண்ட்ராய்டு ஃபோனும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை பின் அல்லது பேட்டர்ன் கேட்கும். எல்லாரும் சலித்துக்கொள்கிற இந்தக் குடைச்சல்தான் அந்த எண்ணை நம் மண்டையில் உயிரோடு வைத்திருக்கிறது. விண்டோஸ் அப்படிக் கேட்பதில்லை. மாதக்கணக்கில் விரலிலேயே ஓடும். அப்டேட் ஆகி, விரல் தோற்ற பிறகு, ஆள் பதற்றத்தில் இருக்கும்போது கேட்கும்.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. அப்டேட்டுக்காக ரீஸ்டார்ட் ஆவதற்கு முன்னால், இன்னும் உள்ளே இருக்கும்போதே, "பின் நம்பரை ஒருமுறை அடித்துக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். தெரியவில்லை என்றால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். நானும் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன்தான், இது பெரிய வேலை இல்லை என்று தைரியமாகச் சொல்வேன். உள்ளே போகும் மாற்று எண் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்தன. மருந்து எளிது, ஒரு கோப்பை அழித்தால் போதும். ஆனால் வட்டு பூட்டப்பட்ட கணினிகளில் அதற்கு 48 இலக்க மீட்பு எண் தேவைப்பட்டது. பெரிய பெரிய கம்பெனிகள் அந்த எண்களைத் தேடித் திண்டாடின. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் பத்துபஸ்தி அத்தைக்கு?

நோட்டில் எழுதி வையுங்கள் என்றால் பாதுகாப்பு நிபுணர்கள் அடிக்க வருகிறார்கள். பாங்க் கடவுச்சொல்லை எழுதச் சொல்லவில்லை. பின் நம்பர் அந்த ஒரு கணினியில் மட்டும்தான் செல்லும். மாஸ்கோவில் இருக்கும் திருடனுக்கு அதனால் பைசா பிரயோஜனம் இல்லை, பொட்டியையும் தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு. லேப்டாப் மூடியிலேயே ஒட்டாமல், வீட்டுக் கணக்கு நோட்டில் பால் கணக்குக்கு நடுவில் எழுதி வைத்தால் போதும். ரேகை மட்டும் என்ன கோட்டையா? 2023 நவம்பரில் பிளாக்விங் இன்டலிஜென்ஸ் என்ற குழு, மைக்ரோசாஃப்ட்டே கேட்டுக்கொண்டதன் பேரில் சோதித்து, டெல், லெனோவோ, மைக்ரோசாஃப்ட் மூன்றின் மூன்று மாடல்களிலும் ரேகைப் பூட்டைத் தாண்டிக் காட்டியது.

பின் நம்பரோடு இணையக் கணக்கின் கடவுச்சொல்லும் யாராவது ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். பின்னும் சில சமயம் கவிழும். 2025 ஏப்ரல் அப்டேட்டுக்குப் பின், சில பாதுகாப்பு வசதிகள் இயங்கும் கணினிகளை ரீசெட் செய்தால் முகமும் பின்னும் வேலை செய்யாமல் போகலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்தது. அபூர்வம்தான், இருந்தாலும் நடந்தது.

இனி வைத்தியம். ஃபோனில் சொல்ல வசதியான வரிசையில் சொல்கிறேன். முதலில் விரலைத் துடைக்கச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். சென்சார் தோலின் மேடு பள்ளத்தை மின்சாரத்தால் அளக்கிறது. ஈரம் இருந்தால் பள்ளமும் மேடாகத் தெரியும், ரொம்பக் காய்ந்தால் மேடும் தெரியாது. அந்தமானில் மே தொடங்கி வருஷத்தில் பாதிக்கு மேல் மழை. மீன் கழுவி, தேங்காய் துருவி ஊறிப்போன விரலை அம்மா அப்படியே வைப்பார். ஜனவரியில் என் விரல் வெடித்துக் கிடக்கும்போது என் லேப்டாப்பும் என்னை யாரென்று கேட்கிறது. அப்டேட் மேல் போடும் பழியில் ஒரு பங்கு தோலுக்குச் சேர வேண்டியது.

அடுத்தது ரீஸ்டார்ட். அணைத்துப் போடுவது வேறு, ரீஸ்டார்ட் வேறு. சீக்கிரம் திறப்பதற்காக விண்டோஸ் அணைக்கும்போது பாதி நினைவைச் சேமித்து வைத்துக்கொள்கிறது, டிரைவர்கள் புதிதாக ஏறுவதில்லை. பூட்டுத்திரையின் மூலையில் இருக்கும் பவர் குறியில் ரீஸ்டார்ட்டைத்தான் அமுக்கச் சொல்ல வேண்டும். பிறகு "சைன்-இன் ஆப்ஷன்ஸ்" என்பதைத் தட்டி, பின் வழியாக உள்ளே வரட்டும்.

உள்ளே வந்துவிட்டால் நீங்களே தூரத்திலிருந்து பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் "ஆப்ஷனல் அப்டேட்ஸ்" என்று ஒன்று ஒளிந்திருக்கும், ரேகை சென்சாரின் புது டிரைவர் பல நேரம் அங்கே காத்துக் கிடக்கும். இல்லையென்றால் டிவைஸ் மேனேஜரில் "பயோமெட்ரிக் டிவைசஸ்" என்பதைத் திறந்து பழைய டிரைவருக்குத் திரும்பலாம். அந்தப் பொத்தான் மங்கிக் கிடந்தால் சாதனத்தை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் தானே மறுபடி கண்டுபிடித்துக்கொள்ளும். மின்சாரம் மிச்சம்பிடிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். தூங்கி எழுந்த பிறகு மட்டும் ரேகை வாங்காத பொட்டிகளுக்கு இதுதான் மருந்து. அதற்கும் மசியாவிட்டால் பழைய ரேகையை அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள், இரண்டு கையிலும் ஒவ்வொரு விரல். வீட்டில் இன்னொருவருக்கு அவர் பெயரில் தனிக் கணக்கு. பயாஸ் அப்டேட் என்று ஏதாவது கேட்டால் மட்டும், அந்த 48 இலக்க மீட்பு எண் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு "சரி" சொல்லுங்கள்.

இத்தனைக்கும் வரவில்லை என்றால் சென்சார் செத்திருக்கலாம். யுஎஸ்பியில் மாட்டும் ரேகை வாசிப்பான் கடையில் கிடைக்கும். ஆனால் பாதுகாப்பு கூட்டப்பட்ட விண்டோஸ் 11 கணினிகள் சில, வெளியிலிருந்து மாட்டுவதை ஏற்காது. செட்டிங்ஸில் வெளிக் கருவியை அனுமதிக்கும் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அம்மாவுக்கு ஒன்று வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டேன். "ஆறு நம்பர்தானேய்யா, அதுக்கு எதுக்குக் காசு" என்றார்.