விருந்தினரா, குடியிருப்பவரா?

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. நான்காம் நாளும் விருந்தினர் எழுந்து போகாவிட்டால் என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. நாலாயிரம் நாள் இருந்தால்? அதிலும், மாதத்திற்கு ஒருமுறை வாசற்படியைத் தாண்டித் தெருவில் கால் வைத்துவிட்டு, "இதோ, புதிதாக வந்திருக்கிறேன்" என்று மறுபடியும் உள்ளே நுழைந்தால்? நகைப்புக்குரிய காட்சிதான். ஆயினும் இன்று பல நாடுகளில் எத்தனையோ பேருடைய வாழ்க்கை இப்படித்தான் நடக்கிறது. சுற்றுலா விசாவில் போகின்றனர். நாள் முடியும்போது எல்லையைத் தாண்டுகின்றனர். புதிய முத்திரையுடன் திரும்புகின்றனர். ஆண்டுகள் உருள்கின்றன.

"பட்டம் வாங்கியதும் ஒரு மடிக்கணினியோடு தாய்லாந்துக்குப் போய்விடலாம்; விசாவுக்கு என்ன பஞ்சம்?" என்று நம் விடுதிகளில் நண்பர்கள் பேசுவதைக் கேட்கிறேன். "விசிட் விசாவில் துபாய்க்கு வந்துவிடு, வேலை தன்னால் கிடைக்கும்" என்ற அழைப்பு நம்மில் பலருக்கு ஊரிலிருந்தே வருகிறது. ஆகவே இது எங்கோ யாருக்கோ உரிய பொருளன்று. இதைப் பற்றி என் கருத்தை மன்றத்து அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் தாய்லாந்தை எடுத்துக்கொள்வோம். சியாங் மாய் நகரில் தங்கியிருந்த வெளிநாட்டார் வடக்கே மே சாய் பாலத்தைக் கடந்து, மியன்மாரின் தாச்சிலேக்கில் ஒரு தேநீர் குடித்துவிட்டு அன்றே திரும்புவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. வேறு சிலர் லாவோசின் தலைநகரான வியந்தியானுக்கும், நம் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழும் பினாங்குக்கும் சென்று, அங்குள்ள தாய்லாந்துத் தூதரக அலுவலகங்களில் புதிய விசா பெற்று வந்தனர். இதற்கென்றே பேருந்துகளும் தரகர்களும் ஏற்பட்டன. ஒரு தொழிலே வளர்ந்துவிட்டது.

இதை ஆதரிப்போர் சொல்லும் நியாயங்களை ஒதுக்கிவிட முடியாது. "அவர்கள் பணம் கொண்டுவந்து செலவிடுகின்றனர், உள்ளூரார் வேலையைப் பறிக்கவில்லை, ஒவ்வொரு முறையும் அதிகாரியே முத்திரை குத்தி உள்ளே விடுகிறார், பிறகு குற்றம் எங்கே?" என்கின்றனர். சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் இதற்கு மறுமொழி கூறுவது எளிதன்று. நானும் அவர்களைக் குற்றவாளிகள் என்று கூற வரவில்லை. இந்த வாழ்க்கை எதன்மேல் நிற்கிறது என்பதே என் கேள்வி.

அது உரிமையின்மேல் நிற்கவில்லை, அனுமதியின்மேல் நிற்கிறது. அனுமதி என்பது கொடுத்தவர் நினைத்தபோது திரும்பப் பெறக்கூடியது. 2014-ஆம் ஆண்டில் தாய்லாந்துக் குடிவரவுத் துறை, எல்லையைத் தொட்டுத் திரும்புவோரைத் திருப்பி அனுப்பத் தொடங்கியது. 2016 மார்ச்சில், அனுமதி நாளைக் கடந்து தங்கியவர் மீண்டும் நுழைய ஓராண்டு முதல் பத்தாண்டு வரை தடை என்ற விதி வந்தது. அதே ஆண்டின் கடைசி நாளில், விசா இல்லாமல் தரைவழியே நுழைவது ஆண்டுக்கு இருமுறை மட்டுமே என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. 2020-இல் கொரோனா பரவி எல்லைகள் அடைபட்டபோது, ஓடுவதற்கு இடமில்லை. அரசு இரங்கித் தண்டமின்றி நாள் நீட்டிக் கொடுத்ததால் அவர்கள் பிழைத்தனர். 2024 ஜூலையில் காற்று திசை மாறியது. இந்தியா உட்பட 93 நாட்டார்க்கு விசா இல்லாமல் 60 நாள் தங்க இசைவு கிடைத்தது. இறுக்குவதும் தளர்த்துவதும் அந்நாட்டின் உரிமை. ஆனால் இந்த ஊஞ்சலில் ஒருவன் வீடு கட்ட முடியுமா?

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தாய்லாந்தில் நிரந்தரக் குடியுரிமை இசைவு பெற, தொழில், குடும்பம் முதலிய காரணங்களுக்காகத் தரப்படும் விசாவில் தொடர்ந்து மூன்றாண்டு தங்கியிருக்க வேண்டும். அதற்கும் ஒரு நாட்டினர்க்கு ஆண்டுக்கு 100 பேர் என்றே வரம்பு. சுற்றுலா முத்திரைகளில் கழிந்த ஆண்டுகள் அக்கணக்கில் சேரா. பத்தாண்டு அங்கே வாழ்ந்து, மொழி கற்று, அண்டை வீட்டார் திருமணத்தில் பந்தி பரிமாறியவனும், நேற்று விமானத்தில் வந்து இறங்கியவனும் ஏட்டில் ஒன்றே. வேடிக்கை என்னவென்றால், ஓர் ஆண்டில் 180 நாள் தங்கிவிட்டால் அந்நாட்டின் வரிச் சட்டம் அவனைக் குடியிருப்பவனாகக் கொள்கிறது. வரித்துறைக்கு அவன் குடியிருப்பவன். குடிவரவுத் துறைக்கு அவன் வழிப்போக்கன். கடமைக்கு ஒரு பெயர், உரிமைக்கு ஒரு பெயர்!

இனி வளைகுடாவுக்கு வருவோம். செயல் ஒன்றுதான், ஆனால் செய்பவன் ஏழையானால் அதன் நிறமே மாறிவிடுகிறது. ஐக்கிய அரபு நாடுகளுக்கு விசிட் விசாவில் போன இந்தியர், பிலிப்பினோக்கள் முதலியோர், நாள் முடிந்ததும் ஈரானுக்குச் சொந்தமான கீஷ் தீவுக்குப் பறப்பது வழக்கமாயிற்று. அங்கே முன்கூட்டி விசா பெறாமல் இறங்கலாம் என்பதே காரணம். புதிய விசா வரும் வரை அத்தீவில் காத்திருப்பர். என் தாய்மாமன் ஒருவர் அவ்வாறு காத்திருந்தவர். மூன்று நாளில் விசா வரும் என்று தரகர் சொல்லியிருந்தார். வந்தது பத்தொன்பதாம் நாள். ஓர் அறையில் எட்டுப் பேர். கையில் இருந்த பணம் ஐந்தாம் நாளே தீர்ந்தது. மாற்றுச் சட்டை ஒன்றைத் துவைத்துத் துவைத்து உடுத்தியதையும், முன்பின் அறியாத ஒரு மலையாளி தம் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்ததையும் அவர் இன்றும் சொல்வார். "வீட்டுக்குத் தொலைபேசியில் பேசும்போது மட்டும், துபாயில் இருப்பதாகவே சொன்னேன்" என்பார். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

2004 பிப்ரவரி 10 அன்று கீஷிலிருந்து ஷார்ஜாவுக்கு வந்த விமானம் ஒன்று, இறங்கும் வேளையில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 46 பேரில் 43 பேர் மாண்டனர். விசாவுக்காகத் தீவுக்குப் போய்த் திரும்பிய தொழிலாளர் பலர் அவ்விமானத்தில் இருந்தனர். சுற்றிப் பார்க்கப் போனவர் அல்லர் அவர்கள். ஒரு முத்திரைக்காகக் கடலைத் தாண்டியவர்கள்.

சியாங் மாயில் மடிக்கணினியோடு அமர்ந்திருக்கும் ஐரோப்பியனை உலகம் "நாடோடி அறிஞன்" என்று பாராட்டுகிறது. கீஷில் பசியோடு கிடந்தவனை "சட்டத்தை ஏய்ப்பவன்" என்கிறது. கையில் உள்ள கடவுச்சீட்டின் நிறமும் பையில் உள்ள பணமும் தவிர, இருவர்க்கும் என்ன வேறுபாடு? விசிட் விசாவில் வேலை செய்பவனுக்குக் கூலி கொடுக்காமல் விட்டால் அவன் துணிந்து முறையிட முடியாது. முறையிட்டால் அவனே முதலில் அகப்படுவான். அவனை வைத்து வேலை வாங்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை தண்டம் என்று 2024-இல் அந்நாடு சட்டம் திருத்தியது. வரவேற்கத் தக்கது. ஆட்டை மட்டும் கட்டிவிட்டு ஓநாயை அவிழ்த்துவிட்ட காலம் அதனால் மாறவேண்டும்.

பிறரைச் சொல்லும் நாம் நம் வீட்டையும் பார்க்க வேண்டும். கோவாவிலும் திருவண்ணாமலையிலும் ஆண்டுதோறும் வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டார் உண்டு. 2008 மும்பைத் தாக்குதலுக்கு வேவு பார்த்த டேவிட் ஹெட்லி பலமுறை வந்துபோன செய்தி வெளியானதும், 2009 இறுதியில் நம் அரசு ஒரு விதி செய்தது. சுற்றுலா விசாவில் வந்து வெளியேறியவர் மீண்டும் வர இரண்டு மாதம் பொறுக்க வேண்டும் என்பது அவ்விதி. ஹெட்லி வந்ததோ தொழில் விசாவில்! ஒருவன் செய்த கொடுமைக்காக, மலையைச் சுற்றி வந்து மௌனமாக அமர்ந்திருந்த கிழவர்களும் வெளியே நின்றனர். 2012-இல் பெரும்பாலான நாட்டார்க்கு அவ்விதி நீக்கப்பட்டது. அச்சத்தில் போடும் பூட்டு கள்வனுக்கு முன் விருந்தினரையே தடுக்கும் என்பதற்கு இது சான்று.

அப்படியானால் செய்ய வேண்டுவது என்ன? அரசுகள் உண்மையைப் பேச வேண்டும் என்பது என் துணிபு. மனிதனின் பணம் வேண்டும், மனிதன் வேண்டா என்ற இரட்டை வழக்கு ஒழிய வேண்டும். பலமுறை வந்து, குற்றமின்றி வாழ்ந்து, தன் செலவைத் தானே தாங்கியவனுக்கு, சில ஆண்டுகளுக்குப் பின் குடியிருப்பவன் என்ற பெயரைத் தர ஒரு வாயில் வேண்டும். அவனும் வரி செலுத்தட்டும், முகவரியைப் பதியட்டும். தாய்லாந்து 2024-இல் அப்படி ஒரு சிறு கதவைத் திறந்தது. வெளிநாட்டு வேலையைத் தொலைவிலிருந்து செய்வோர்க்கும், அந்நாட்டுக் குத்துச்சண்டையோ சமையலோ கற்போர்க்கும், ஐந்தாண்டு செல்லும், ஒரு வருகைக்கு 180 நாள் தரும் விசா அது. ஆனால் ஐந்து லட்சம் பாத் கையிருப்பு காட்ட வேண்டும். கதவு இருக்கிறது, ஏழைக்கு அது எட்டாத உயரத்தில் இருக்கிறது.

"உலகமே ஒன்றென்று பாடிய கணியன் பூங்குன்றனார் வழிவந்த நாம் எல்லைகளைப் பற்றிப் பேசலாமா?" என்று ஒரு நண்பர் என்னைக் கேட்டார். பேசத்தான் வேண்டும். எல்லா ஊரும் நம் ஊர் என்றால், எல்லா ஊரிலும் நமக்குப் பொறுப்பும் உண்டு என்பது பொருள். எந்த ஊரிலும் பொறுப்பில்லாமல் இருந்துகொள்ளலாம் என்பது பொருளன்று.

நாமும் தாய்மொழி வழங்காத ஊரில் இருப்பவர்களே. இங்கே கடைக்காரரோடு அரைகுறை மொழியில் பேசுகிறோம். வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்குகிறோம். ஆனால் முப்பதாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கு ஓட வேண்டியதில்லை. இந்தியாவின் எப்பகுதியிலும் தங்கி வாழும் உரிமையை நம் அரசியலமைப்பின் 19-ஆம் பிரிவு நமக்குத் தந்துள்ளது. கையில் இருக்கும்போது அதன் அருமை தெரிவதில்லை. அந்த உரிமை இல்லாமல் ஒரு நாட்டில் பத்தாண்டு வாழ்வது எப்படியிருக்கும் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

வெளிநாடு போகாதீர் என்று நான் சொல்லவில்லை. போங்கள், பாருங்கள், கற்றுக்கொள்ளுங்கள். சுற்றிப் பார்க்கப் போகிறவர் சுற்றுலா விசாவில் போகட்டும். வாழப் போகிறவர் வாழ்வதற்குரிய தாளோடு போகட்டும். வேலை தருகிறேன் என்று சொல்லிச் சுற்றுலா விசாவில் அழைப்பவனை மட்டும் நம்பவேண்டா. அப்படித் தாய்லாந்தில் இறங்கி, எல்லை தாண்டி மியன்மாரின் மோசடிக் கூடங்களில் அடைபட்டவர்களுள் படித்த இளைஞர் பலர் உண்டு. 2025 மார்ச்சில் அவ்வாறு சிக்கியவர்களுள் 549 இந்தியரை நம் விமானப்படை விமானங்கள் மீட்டு வந்தன.

விசாத் தாளில் "வருகையின் நோக்கம்" என்று ஒரு கட்டம் உண்டு. அதில் உண்மையை எழுத முடிகின்ற நாட்டுக்கு, உண்மையை எழுதிவிட்டுப் போங்கள். எழுத முடியவில்லை என்றால், பயணச்சீட்டு வாங்குமுன் மறுபடியும் எண்ணுங்கள்.