உறைக்குள் இருந்தாலும் ஆகாது



உரிமம் இருந்தால் துப்பாக்கியோடு எங்கும் போகலாம் என்று நினைப்போர் உண்டு. பொது இடத்தில் அது உறைக்குள் முழுதும் மூடப்பட்டிருக்க வேண்டும் என்கின்றன 2016 ஆயுத விதிகள். ஆனால், 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் சரணாலயப் பகுதிகளில் உறையும் காப்பாற்றாது. எழுத்துமூல முன் அனுமதியின்றிச் சரணாலயத்துக்குள் எந்த ஆயுதத்துடனும் நுழையக் கூடாது என்பது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31-ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தில் கத்தியும் கண்ணியும்கூட ஆயுதம்தான்! இந்த வனப்பகுதியிலுள்ள ராஜபாளையம் அய்யனார் கோவிலுக்கும் செண்பகத்தோப்புக்கும் கும்பிடவும் குளிக்கவும் போகிற எத்தனை பேருக்கு இது தெரியும்? மலையடிவாரத் தோப்புக்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய எல்லை இது. சோதனைச் சாவடிகளில் இந்தப் பிரிவைப் பெரிய எழுத்தில், தமிழில், வனத்துறை எழுதி வைக்க வேண்டும்.

– ஒரு வாசகர், ராஜபாளையம்