கடிகாரம் தவறினால் கதவு திறக்காது



எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் செம்பனைக் குலை வெட்டுபவர். அவருடைய மகள் எஸ்.பி.எம். முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு யூ.பி.யூ. விண்ணப்பம் போட இருந்தாள். கடைசி நாளுக்கு இன்னும் இரண்டே நாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக் கணினி எந்தப் பக்கத்தையும் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. தகப்பனார் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, கணினியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பட்டணத்துக்குப் போனார். கடைக்காரர் விண்டோஸைப் புதிதாகப் போட்டு, ஓட்டியும் காட்டி, 120 வெள்ளி வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து செருகினால், பழைய குருடி கதவைத் திறடி!

அன்று மாலை அந்தப் பெண் எங்கள் வாசலில் வந்து நின்றாள். "மாமா, லைன் போச்சு போல இருக்கு" என்றாள். முகம் அழுதிருந்தது.

லைன் போய்விட்டதா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. அதே வைஃபையில் கைப்பேசியை இணைத்து, அதே பக்கத்தைத் திறந்து பாருங்கள். கைப்பேசியிலும் திறக்கவில்லையென்றால் மோடம் பெட்டியை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்தால் கோளாறு வெளியே கம்பியில் இருக்கிறது. நிறுவனத்தைத்தான் கூப்பிட வேண்டும். கைப்பேசியில் திறந்து, கணினியில் மட்டும் திறக்கவில்லையென்றால்? லைனை விட்டுவிடுங்கள். கணினியைப் பாருங்கள்.

அவள் கைப்பேசியில் பக்கம் திறந்தது. நான் போய்க் கணினித் திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். தேதி 2009 ஜனவரி 1 என்று இருந்தது!

தேதிக்கும் இணையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். வங்கியானாலும் பள்ளியானாலும் அரசாங்கமானாலும், பாதுகாப்பான இணையத்தளம் ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும் என்று அதில் இருக்கும், நம் மோட்டார் சைக்கிளின் ரோட் டேக்ஸைப் போல. கணினி அதைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் உள்ளே விடும். 2009-இல் உட்கார்ந்திருக்கும் கணினிக்கு இந்த ஆண்டுச் சான்றிதழ் இன்னும் பிறக்காத பிள்ளை. ஆகவே 'யுவர் கனெக்‌ஷன் இஸ் நாட் பிரைவட்' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும். குரோம் சில வேளைகளில் 'யுவர் குளோக் இஸ் பிஹைண்ட்' என்று உண்மையையே சொல்லிவிடும். நாம்தான் படிப்பதில்லை.

மூலையிலுள்ள கடிகாரத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'அட்ஜஸ்ட் டேட் அண்ட் டைம்' என்பதைத் திறந்து, தேதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள். நேர வட்டாரம் 'கோலாலம்பூர், சிங்கப்பூர்' என்று இருக்கட்டும். (1982 ஜனவரி 1-இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அரை மணி பிசகினால் கணினி பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் பிசகினால்தான் வம்பு.) அந்தப் பெண் தானே தேதியை மாற்றினாள். பக்கம் திறந்தது. இரவு பதினொரு மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தேதி சரியாக இருந்தும் அந்த எச்சரிக்கை வந்தால், மீறி உள்ளே போகாதீர்கள். வங்கிப் பக்கமாக இருந்தால் கடவுச்சொல்லைத் தொடவே வேண்டாம்.

கடையில் ஓடியது வீட்டில் ஏன் நின்றது? மேசைக் கணினிக்குள் காசு போன்ற ஒரு சிறு பேட்டரி இருக்கிறது. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துவிட்டால், பிளக்கைப் பிடுங்கியதும் தேதி மறந்துபோகும். கடைக்காரர் தேதியைச் சரிசெய்திருப்பார். மோட்டார் சைக்கிளில் வரும் வழியில் அது மீண்டும் பின்னோக்கிப் போய்விட்டது. இடி மின்னலுக்குப் பயந்து தினமும் பிளக்கைப் பிடுங்குகிற வீடுகளில் இந்தப் பேட்டரி சீக்கிரம் தேயும். அதற்காகப் பிடுங்காமல் இருந்துவிடாதீர்கள். பேட்டரியின் விலை சில வெள்ளிதான்.

அதன் பெயர் சி.ஆர். 2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம் என்பதே அந்த எண்ணின் பொருள். 3 வோல்ட். பிளக்கைப் பிடுங்கி, பக்கத்து மூடியைக் கழற்றி, பெட்டியின் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு, பிடியைப் பக்கவாட்டில் தள்ளினால் பழையது எழும்பும். எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள். பிறகு தேதியை ஒருமுறை சரிசெய்தால் போதும். மடிக்கணினியென்றால் நீங்களே திறக்க வேண்டாம். கடையில் கொடுக்கும்போது "கடிகாரப் பேட்டரியைப் பாருங்கள்" என்று வாய் திறந்து சொல்லுங்கள்.

பழைய பேட்டரியைச் சன்னலோரத்தில் வைத்துவிடாதீர்கள், தாய்மார்களே! குழந்தை விழுங்கி அது தொண்டைக்குழாயில் சிக்கினால், இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உள்ளே வெந்து புண்ணாகிவிடலாம். செத்த பேட்டரியும் அப்படித்தான். டேப்பைச் சுற்றி, கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காமல் நேரே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.